வெறும் மனைக்குக் கடன் வேண்டாம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 70 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்க 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ராணிப்பேட்டை வழியாக ஆந்திரத்தின் நகரி வரை செல்லும் இன்னொரு பாதைக்கும் அதே ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. திண்டிவனத்திலிருந்து அந்த இரண்டு திசைகளிலும் இன்றுவரை ஒரு ரயில்கூடப் புறப்படவில்லை. "ரயில் வரப்போகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்ற பேச்சை நம்பி மனை வாங்கியவர்களுக்கு ஒன்று மட்டும் தவறாமல் வந்தது. அது கடனின் மாதத் தவணை.

இந்த வட்டாரத்தில் நிலமே வாங்கக் கூடாது என்பதல்ல என் வாதம். விழுப்புரம் ஐந்து திசைகளுக்கு ரயில் பிரியும் சந்திப்பு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு சாலையும் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. விழுப்புரம்–புதுச்சேரி சாலை நான்குவழியாகிவிட்டது. தமிழ்நாட்டின் முதல் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரி 17 அன்று வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் திறக்கப்பட்டது. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா அமைகிறது. இவையெல்லாம் உண்மை. கேள்வி என்னவென்றால், இவற்றின் பலன் நீங்கள் வாங்கப்போகும் அந்த 1,200 சதுர அடிக்கு எப்போது, எவ்வளவு வந்து சேரும் என்பதுதான். மினி டைடலை எடுத்துக்கொள்ளுங்கள். 31 கோடி ரூபாய்ச் செலவில் 63,000 சதுர அடியில் எழுந்த ஒரே கட்டடம் அது. புதுச்சேரியை ஒட்டி இருக்கிறது. அதைக் காட்டி ஒலக்கூரிலோ விக்கிரவாண்டியிலோ மனை விற்றால், இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.

புதிதாக நிலத்தில் முதலீடு செய்ய வருபவர்கள் இங்கே பெரும்பாலும் யார்? முதல் ஐந்தாறு ஆண்டு சம்பளத்தைச் சேர்த்த ஆசிரியர், காவலர், போக்குவரத்துக் கழக ஊழியர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளை. கையில் மூன்று அல்லது நான்கு லட்சம் இருக்கும். மனையின் விலை பத்து லட்சம். ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, "இன்னிக்கே புக்கிங் பண்ணா தங்கக் காசு" என்று சொல்லும் இடத்தில் முடிவு எடுக்கப்படுகிறது. முதலில் மனை பிடித்துவிடுகிறது. பணம் எங்கிருந்து என்ற கேள்வி அதற்கப்புறம் வருகிறது. இந்த வரிசையைத்தான் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறேன். எந்த மாதிரிப் பணம் நம்மிடம் இருக்கிறது என்பதே எந்த மாதிரிச் சொத்து வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். உபரியாக இருக்கும் சொந்தப் பணத்தில் வெறும் மனை வாங்கலாம். பத்து ஆண்டு காத்திருக்கலாம். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்றால், தன் கடனில் ஒரு பகுதியைத் தானே சுமக்கும் சொத்தாக, அதாவது வாடகை தரும் வீடாகவோ கடையாகவோதான் அது இருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். பத்து லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 90 ஆயிரம். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. அது நல்ல ஏற்பாடு, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எப்படியும் பத்திரச் செலவு, தரகு எல்லாம் சேர்த்து மனையின் அடக்கம் 11 லட்சத்தைத் தொடும். அதே 11 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கி வைப்பில் போட்டால் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 21.5 லட்சமாகும். சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கே மனை பத்து ஆண்டுகளில் இரண்டு மடங்கு விலை போனால்தான் வைப்புத்தொகைக்குச் சமம்.

கடன் வாங்கியவரின் நிலை வேறு. நகையை வைத்து ஒரு லட்சம், இன்னும் ஐந்து லட்சம் தெரிந்தவரிடம் "ரெண்டு வட்டிக்கு" என்று வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் பத்தாயிரம், ஆண்டுக்கு 1,20,000. ஐந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் ஆறு லட்சம். அசல் ஐந்து லட்சம் அப்படியே நிற்கும். அந்த ஐந்து ஆண்டுகளில் மனையிலிருந்து ஒரு ரூபாய் வருமானம் வந்திருக்காது. அதன்மேல் முள்செடிதான் முளைத்திருக்கும். நகராட்சி எல்லைக்குள் என்றால் காலிமனை வரியும் கட்டியிருப்பார். வட்டி கட்ட முடியாத ஒரு மாதத்தில், அவசரத்துக்கு விற்கப்போகும்போதுதான் இன்னொரு உண்மை தெரியவரும். மனை உடனே விற்காது. ஆசைப்பட்டு வாங்கும்போது இருந்த வேகம் விற்கும்போது எதிரில் இருப்பவரிடம் இருக்காது.

மனைப்பிரிவின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. விழுப்புரம் மாவட்டத்து விவசாயிகள் இன்றும் நிலத்தைக் காணியிலும் குழியிலும் பேசுகிறார்கள். ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி; 57,600 சதுர அடி. மனைப்பிரிவுக்குப் பக்கத்து வயலில் காணி என்ன விலை என்று அங்கே மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். காணி 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சதுர அடிக்கு 104 ரூபாய் வருகிறது. மனை 600 ரூபாய் என்றால், இடைப்பட்ட தொகை சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட நிலம், ஒப்புதல் செலவு, விளம்பரம், தரகு, விற்பவரின் லாபம் என்று பிரிகிறது. லாபம் தப்பில்லை, அது தொழில். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது, அதே மனைப்பிரிவில் விற்காத மனைகளை நிறுவனம் இன்னும் விற்றுக்கொண்டிருந்தால், விளம்பரமும் வேனும் தவணை வசதியும் அவர்கள் பக்கம் இருக்கும். உங்களிடம் வருபவர் குறைத்துத்தான் கேட்பார். ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய விலைக்கே விற்க முடியாமல் நிற்கும் மனைகள் இந்த நெடுஞ்சாலையோரம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1920-களின் நடுவில், சதுப்பு நிலங்களை மனைகளாகப் பிரித்து, நேரில் பார்க்காதவர்களுக்குத் தபாலிலேயே விற்றார்கள். சிறிய முன்பணம் கொடுத்து ஒரு ரசீது வாங்கினால் போதும். பத்திரம் பதிவதற்கு முன்பே அந்த ரசீது பலர் கைமாறும். மியாமியில் அந்த ரசீதுகளுக்கென்றே ஒரு சந்தை இருந்தது. 1925-லேயே வாங்குபவர்கள் குறையத் தொடங்கினார்கள். 1926 செப்டம்பரில் வீசிய புயல் மீதிக் கதையை முடித்தது. நிலம் எங்கேயும் போய்விடவில்லை. இன்று அங்கே பெரிய நகரங்கள் இருக்கின்றன. ஆனால் கடனில் வாங்கியவர்களால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. 2006, 2007-இல் தமிழ்நாட்டில் 'அட்வான்ஸ்' போட்டுப் பத்திரம் முடிக்கும் முன்பே ஒப்பந்தத்தைக் கைமாற்றி லாபம் பார்த்தவர்களையும், கடைசியில் கையில் ஒப்பந்தத்தோடு நின்றுபோனவர்களையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமானது. அதற்கப்புறமும் வெள்ளைத்தாளில் எழுதி லட்சங்களைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

மாதத் தவணைத் திட்டங்களைப் பற்றியும் இதே கவலைதான். மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டுங்கள், கடைசியில் மனை அல்லது முதிர்வுத் தொகை என்று சொல்பவர்களிடம் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா பார்த்த மிகப் பெரிய பாடம் பிஏசிஎல் நிறுவனம். விவசாய நிலம் தருவதாகச் சொல்லி ஏறத்தாழ 5.85 கோடிப் பேரிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பிஏசிஎல் நிறுவனத்துக்கு முகவர்கள் இருந்தார்கள். கட்டியவர்களில் கூலித்தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் ஏராளம். கட்டும் ஒவ்வொரு தவணையும் எந்த சர்வே எண்ணுக்கு, எந்த மனை எண்ணுக்கு என்று பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் எழுதப்படாத எந்தத் திட்டத்திலும் பணம் கட்டாதீர்கள்.

இனி வங்கிக்கு வருவோம். புதிதாக வருபவருக்கு வங்கிக் கடன் ஒரு வகையில் காவல்காரர். 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. பொதுவாக முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. அவற்றைக் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். வெறும் மனைக்கு வங்கி தரும் விகிதம் குறைவு. அதுவும் ஒப்புதல் பெற்ற மனையாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வீடு கட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுவார்கள். விவசாய நிலத்துக்கு வீட்டுக் கடன் கிடையாது. ஒரு மனைக்கு வங்கி கடன் தர மறுக்கிறது என்றால் அதை எரிச்சலோடு பார்க்காமல், ஏன் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி தயங்கும் சொத்துக்குத் தனியாரிடம் கடன் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று தரகர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

15 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 13 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். முதல் ஆண்டில் 1,56,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்தது 30 ஆயிரம்தான். மீதி எல்லாம் வட்டி. இதைத் தெரிந்துகொண்டவர்கள்தான் போனஸ் வரும்போதும் சீட்டு எடுக்கும்போதும் அசலில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி மாறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. 15 லட்சம் கடனுக்கு வட்டி 7 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமானால் 20 ஆண்டுத் தவணை 11,630 ரூபாயிலிருந்து 13,980-ஆக ஏறும். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டின; ஓய்வு பெறும் வயதைத் தாண்டித் தவணை நீண்டவர்கள் இருக்கிறார்கள். 2025-இல் விகிதம் மீண்டும் இறங்கியது. இன்னொரு முறை ஏறாது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

வங்கிக் கடனின் நல்ல பலனைக் கெடுப்பது நம் ஊர் வழக்கமான 'பாதி ரொக்கம்'. உண்மை விலை 25 லட்சம். வழிகாட்டி மதிப்பு 16 லட்சம். பத்திரத்தில் 16 லட்சம்தான் எழுதுவோம் என்கிறார் விற்பவர். பத்திரச் செலவில் 81 ஆயிரம் மிச்சம் என்று தரகர் கணக்குச் சொல்கிறார். அந்த ஒன்பது லட்சம் ரொக்கத்துக்கு வங்கி கடன் தராது. அது மறுபடியும் ரெண்டு வட்டியில் போய் நிற்கும். சில ஆண்டுகள் கழித்து அதே வீட்டை 35 லட்சத்துக்கு, வங்கிக் கடனில் வாங்கும் ஒருவருக்கு, முழு விலையையும் எழுதி விற்றால், கணக்கில் உங்கள் லாபம் பத்து லட்சமல்ல, 19 லட்சம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்றால் 1,25,000-க்குப் பதில் 2,37,500 ரூபாய். மிச்சம் பிடித்த 81 ஆயிரத்துக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடுதல் வரி. தவிர, சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறி வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். வாங்கும் உங்களுக்கோ, பேச்சு முறிந்தால் கொடுத்த ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை. முழு விலையையும் எழுத மறுக்கும் விற்பவரிடம் புதிதாக வருபவர் வாங்கவே கூடாது. அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

எதைத் தேர்ந்தெடுப்பது? இன்றைக்கு, இந்த மாதம், ஒருவர் வாடகை கொடுத்துக் குடியிருக்க விரும்பும் இடத்தை. நாளைக்கு யார் வருவார்கள் என்பதை விட்டுவிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களும் செவிலியர்களும் வருகிறார்கள். விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், காவல்துறை, ரயில்வே, போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் என்று மாற்றலில் வந்து போகும் ஊழியர்கள் உண்டு. திண்டிவனத்தில் பள்ளிகளையும் கல்லூரியையும் நம்பிச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உண்டு. நல்ல தண்ணீர் வரும் தெருவில், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில், இரண்டு அறை கொண்ட பழைய வீடு ஒன்று பார்வைக்கு அழகாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது காலியாகக் கிடக்காது. 25 லட்சத்தில் 10 லட்சம் சொந்தப் பணம், 15 லட்சம் கடன், வாடகை ஏழாயிரம் என்றால், வாடகை தவணையில் பாதியைச் சுமக்கிறது. நான் வைக்கும் எல்லைக்கோடு அதுதான். வாடகை தவணையில் பாதியைக்கூடத் தராத வீட்டை முதல் முதலீடாக வாங்க வேண்டாம். பாதியைத் தரும் வீட்டையும், ஆறு மாதத் தவணையைத் தனியாக வங்கியில் வைத்த பிறகே வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் என்ன வாடகை என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

ஆரோவில், கோட்டக்குப்பம், கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் விடுதி, வாரக்கடைசி வீடு என்று ஆசை காட்டப்படுகிறது. அது அனுபவமுள்ளவர்களின் களம். கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடுகள் ஒருபுறம். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது மறுபுறம். புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் பின்னிக் கிடக்கும் அந்தப் பகுதியில், மனை எந்த அரசின் கீழ் வருகிறது என்பதையே சர்வே எண்ணை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரியாகப் புரிந்துகொள்ளப்படாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆராய வேண்டியது வாங்குபவரும் அவருடைய வழக்கறிஞரும்தான். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வீட்டுப் பெண்களின் பங்கு. இந்த மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் நிலம் பெரும்பாலும் குடும்ப நிலம். மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டு, கட்டிக்கொடுத்த பெண்களைக் கேட்காமல் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005-இல் மத்தியச் சட்டமும் மாறியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடாத பத்திரத்தில் வாங்கிய நிலத்தின் மீது பத்து ஆண்டு கழித்துப் பாகப்பிரிவினை வழக்கு வந்தால், அந்தப் பெண்கள் கேட்பது நியாயம். அந்த அநியாயத்தில் பங்கெடுக்காமல் இருப்பதே நமக்கும் பாதுகாப்பு. பஞ்சமி நிலத்துக்கும் இது பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்காமல் சாலையோர மலிவு நிலத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மனை மலிவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்கு முன் ஒருமுறை மனையாகப் பதிவானது மறுபடியும் பதிவாகும்; ஆனால் வரன்முறை செய்யாதவரை கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் சிக்கல்தான். 'பதிவு ஆகும்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கியவர்கள் வீடு கட்டப்போகும்போது அலைகிறார்கள். 'பண்ணை மனை' என்று பத்து சென்ட், இருபது சென்ட்டாக விற்கப்படும் விவசாய நிலத்திலும் இதே பிரச்சினை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனைகளுக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு எதுவும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் வேனில் ஏறவே வேண்டியதில்லை.

கடைசியாகத் தண்ணீர். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தின் மேல்மட்டம் வரை வெள்ளம் வந்ததால் ரயில்கள் நின்றன. ஏரி இருந்த இடத்தில் கட்டப்பட்ட விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் பெருமழைக்குப் பெருமழை தண்ணீர் தேங்குவது ஊரறிந்த செய்தி. அரசே தப்புச் செய்த இடத்தில் தனி ஆள் எப்படித் தப்பிப்பார் என்று கேட்கலாம். தப்பிக்க வழி இருக்கிறது. பழைய கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் இருக்கின்றன. 'ஏரி உள்வாய்' என்று அழைக்கப்படும் நிலம் எது, ஏரி கோடி போனால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது அந்த ஊரில் அறுபது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரியும். கோடை ஞாயிற்றுக்கிழமையில் பார்த்த மனையை ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு முறை, விற்பவர் இல்லாமல், தனியாகப் போய்ப் பாருங்கள். மண்ணடித்து மேடாக்கிய மனை என்றால், மேடாக்கியதால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது என்றும் பாருங்கள். வாடகை வீட்டுக்கும் இதே சோதனைதான்; கணுக்கால் தண்ணீர் வரும் தெருவில் வாடகைக்கு வந்தவர்கள் அடுத்த மழைக்குள் காலி செய்துவிடுவார்கள்.

இவ்வளவையும் ஒரு தனிமனிதர் தலையிலேயே சுமத்துவது சரியல்ல. வழிகாட்டி மதிப்பை சர்வே எண் வாரியாக, தெரு வாரியாக இணையத்தில் போட அரசால் முடிகிறது. 2024 டிசம்பரில் எந்தெந்த சர்வே எண்ணில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நிவாரணக் கணக்கு எடுத்தபோது வருவாய்த் துறையினர் நேரில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தகவலை அதே இணையப் பக்கத்தில், அதே சர்வே எண்ணுக்கு எதிரில் விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் போட வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது நகர் ஊரமைப்பு அலுவலகம் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி வேண்டும். விளம்பரப் பலகையில் ஒழுங்குமுறை ஆணைய எண்ணோடு சர்வே எண்ணும், அருகிலுள்ள நீர்நிலைக்கு உள்ள தூரமும் எழுதப்பட வேண்டும். ரயில், தொழிற்பூங்கா, விமான நிலையம் என்று இன்னும் வராத ஒன்றைக் காட்டி விற்கும் விளம்பரங்களில், அந்தத் திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே தந்திருக்கிறது. அதைச் சிறு நகரங்களில் பயன்படுத்துபவர்கள் குறைவு. ஆணையம் சென்னையில் இருக்கிறது. விழுப்புரம் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் மாதம் ஒருமுறை அதன் விசாரணை அமர்வு நடந்தால், பத்து லட்சம் ரூபாய் மனை வாங்கி ஏமாந்த ஒருவர் ஒருநாள் கூலியை இழக்காமல் தன் வழக்கைச் சொல்ல முடியும்.